பூகோள உருண்டைக்குள் ஒரு பிரதி

பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய ‘கலிலியோவின் வாழ்க்கை’ நாடகத்தில், கடைசிக்கு முந்தைய காட்சி. வீட்டுக்காவலில் ஒரு கிழவர். கண் மங்கிவிட்டது. பார்க்க வந்திருப்பவன் பழைய மாணவன் ஆந்திரேயா. வேலைக்காரம்மாவின் மகனாக அந்த வீட்டிலேயே வளர்ந்து, அந்த வீட்டிலேயே வானத்தைப் பார்க்கக் கற்றவன். ஆசிரியர் உயிருக்குப் பயந்து மறுதலித்த நாளிலிருந்து அவரிடம் ஒட்டாமல் போனவன். இப்போதும் பேச்சு ஒட்டவில்லை. கிளம்புகிற நேரத்தில் கிழவர் சொல்கிறார், புத்தகத்தை எழுதி முடித்துவிட்டேன் என்று. எழுத எழுதத் தாள்களைக் காவல் வைத்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனாலும் இரவில் நிலா வெளிச்சத்தில், மிச்சமிருந்த பார்வையையும் செலவழித்து, ஒரு நகல் எடுத்திருக்கிறார். அது அறையிலிருக்கும் பூகோள உருண்டைக்குள் இருக்கிறது.

‘மறுதலித்தல்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். பேதுரு தன் குருவை எனக்குத் தெரியாது என்று சொன்ன இரவுக்காகத் தமிழ் வேதாகமம் கையாண்ட சொல் அது. கலிலியோ மறுதலித்தது குருவை அல்ல, தன் கண்ணால் கண்டதை.

ஆந்திரேயா பிரதியை எடுத்துக்கொள்கிறான். அடுத்த காட்சியில் அது இத்தாலிய எல்லையைத் தாண்டுகிறது. பிரெக்ட் இந்த நாடகத்தை மூன்று முறை எழுதினார். கிழவர் கையிலிருந்து மாணவன் கைக்குப் பிரதி மாறும் அந்த இடம் மூன்றிலும் உண்டு. ஆனால் முதல் வடிவத்தில் அதற்கு இருந்த பொருள் இரண்டாவதில் தலைகீழாகிவிட்டது. கலிலியோவின் வாழ்க்கையில் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. நடுவில் உலகம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, முதலில் உண்மையான பிரதி போன வழியில் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும்.

1633 ஜூன் 22. ரோமில் சாந்தா மரியா சோப்ரா மினர்வா மடம். 69 வயது கலிலியோ மண்டியிட்டு, பூமி நகர்கிறது என்ற கருத்தைக் கைவிடுவதாக விசாரணை மன்றத்தின் முன் வாசித்தார். விதித்த சிறைத்தண்டனை வீட்டுக்காவலாகக் குறைந்தது. சில மாதங்கள் சியன்னா நகரத்துப் பேராயர் பிக்கொலோமினியின் மாளிகையில் இருந்தார். அந்தப் பேராயர் நல்ல மனிதர். கைதியாக வந்தவரை விருந்தாளியாக வைத்துக்கொண்டார். உடைந்துபோய் வந்த கிழவர் அங்கேதான் மறுபடி பேனாவைக் கையில் எடுத்தார். வானத்தைப் பற்றி இனி வாய் திறக்க வழியில்லை. அதனால் மண்ணுக்கு வந்தார். பாதுவா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நாள்களில் சரிவுப் பலகையில் குண்டுகளை உருட்டிவிட்டு எழுதிவைத்த பழைய குறிப்புகளைத் தூசு தட்டினார்.

டிசம்பரில் பிளாரன்சுக்கு வெளியே ஆர்ச்செத்ரி குன்றிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. பக்கத்திலேயே கன்னியர் மடம். அதில் மூத்த மகள் விர்ஜீனியா, மரியா செலெஸ்தே என்ற துறவுப் பெயரோடு இருந்தாள். தந்தைக்கு அவள் எழுதிய 124 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. கிழியல் தைத்ததும், பழம் பக்குவம் செய்து அனுப்பியதும், அவருடைய உடம்பைப் பற்றிய கவலையுமாக நிறைந்த கடிதங்கள். அவர் வீடு திரும்பி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 1634 ஏப்ரல் 2 அன்று 33 வயதில் அவள் இறந்துபோனாள். பிரெக்ட் இந்த மகளைச் சாகவிடவில்லை. தந்தையின் கூடவே இருந்து பக்தியின் பெயரால் அவரைக் காவல் காக்கும் முதிர்கன்னியாக மாற்றிவிட்டார். நாடகத்துக்கு அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கடிதங்களைப் படித்த எவருக்கும் அது முள்ளாகத் தைக்கும், எனக்குத் தைக்கிறது.

புத்தகம் எழுதுவதைவிட அதை அச்சேற்றுவது கடினமாக இருந்தது. கலிலியோவின் எந்த நூலையும், பழையதோ புதியதோ, அச்சிட அனுமதிக்கக் கூடாது என்று கட்டளை இருந்தது. வெனிசிலிருந்த நண்பர் ஃபுல்ஜென்சியோ மிகான்சியோ, அவரும் ஒரு துறவிதான், அங்கே முயன்று பார்த்தார். நடக்கவில்லை. புனித ரோமானியப் பேரரசரிடம் இராணுவப் பொறியாளராக இருந்த ஜொவான்னி பியரோனி நடு ஐரோப்பாவில் முயன்றார். அதுவும் கைகூடவில்லை. கடைசியில் ஹாலந்தின் லைடன் நகரத்து அச்சகக் குடும்பத்தைச் சேர்ந்த லூயி எல்செவியர் 1636இல் ஆர்ச்செத்ரிக்கே வந்து கிழவரைப் பார்த்தார். வெனிசிலிருந்து மிகான்சியோ பாலமாக நின்றார். பகுதி பகுதியாகப் பிரதி வடக்கே போனது. 

1638இல் ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ லைடனில் வெளிவந்தது. அதன் சமர்ப்பண உரையில் கலிலியோ ஒரு கதை கட்டியிருக்கிறார். பிரெஞ்சுத் தூதராக இருந்த நொவாய் பிரபுவிடம் தாம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருந்ததாகவும், அது அச்சாகிறது என்ற செய்தி தமக்கே வியப்பாக இருந்ததாகவும் எழுதினார். தண்டனைக் கைதி தானாக எதையும் அச்சிடவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. அச்சான பிரதி கைக்கு வந்தபோது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிருந்தது. தம் வாழ்நாளின் சிறந்த புத்தகத்தை அவர் தடவித்தான் பார்த்திருக்க முடியும்.

இப்படிக் காப்பாற்றப்பட்ட தாள்களில் என்ன இருந்தது? மூன்று பேர் நான்கு நாள் பேசுகிறார்கள். வெனிசின் புகழ்பெற்ற கப்பல் கட்டும் தளமான அர்செனாலைப் புகழ்ந்து பேச்சு தொடங்குகிறது. சின்ன மாதிரியில் தாங்குகிற உத்திரம் அதே விகிதத்தில் பெரிதாக்கினால் ஏன் முறிகிறது? பெரிய விலங்குக்கு எலும்பு ஏன் நீளத்தை மீறிப் பருக்க வேண்டியிருக்கிறது? விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது என்பது மூன்றாம் நாளில் வருகிறது. இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் இயக்கவியலின் கடைக்கால் அங்கேதான் தோண்டப்பட்டது. நான்காம் நாளில், எறியப்பட்ட பொருள் பரவளையத்தில் போகிறது என்று நிறுவுகிறார். நிறுவியதோடு விடவில்லை. எத்தனை பாகைக் கோணத்தில் விட்டால் எவ்வளவு தூரம் போய் விழும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அந்த அட்டவணை யாருக்குப் பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை. பீரங்கிக்காரர்களுக்கு. பாதுவாவில் இருந்த காலத்திலேயே இராணுவக் கவராயம் ஒன்றைச் செய்து விற்றவர் அவர். 1606இல் அதற்கு விளக்க நூலும் அச்சிட்டார். 1609 ஆகஸ்டில் தொலைநோக்கியை வெனிஸ் ஆட்சியாளர்களிடம் காட்டியபோது சொன்ன பயன், எதிரிக் கப்பலை வெகு தூரத்திலேயே பார்த்துவிடலாம் என்பது. சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பானது. 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நிலாக்களைக் கண்டது இதற்குப் பிறகுதான். இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அறிவு பிழைத்த வழி அது. ஆனால் உலகமே பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் பிரதிக்குள் உண்மையும் பீரங்கி அட்டவணையும் ஒரே தையலில் சேர்ந்திருந்தன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் வந்து சரியாக 300 ஆண்டுகள். 1938 நவம்பர். டென்மார்க்கின் ஃபியூன் தீவில், ஸ்வென்ட்போர்க் ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் வைக்கோல் வேய்ந்த வீட்டில் இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். 1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பிரெக்ட் குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். அந்த மே மாதம் நாஜிகள் மூட்டிய நெருப்பில் அவருடைய புத்தகங்களும் எரிந்தன. 1935இல் உண்மையை எழுதுவதில் இருக்கும் ஐந்து இடர்ப்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஹிட்லரின் ஜெர்மனிக்குள் கள்ளத்தனமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது. உண்மையைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது, அதைக் கொண்டுசேர்க்கும் தந்திரமும் வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்த மனநிலையில்தான் கலிலியோ அவரிடம் வந்தார். மூன்று வாரத்தில் நாடகம் முடிந்துவிட்டது என்று நவம்பர் 23 அன்று தம் நாட்குறிப்பில் எழுதினார். அருகில் இருந்து உழைத்தவர் மார்கரெட் ஸ்டெஃபின், பெர்லின் தொழிலாளர் குடும்பத்துப் பெண், காசநோயாளி. அந்த முதல் வடிவத்துக் கலிலியோ கெட்டிக்காரக் கிழவர். பணிந்ததுபோல் நடித்து, காவலர் கண்ணில் மண்ணைத் தூவி, புத்தகத்தை எழுதிமுடித்து எல்லை தாண்டி அனுப்பிவிடுகிறார். மாணவனுக்கு எல்லாம் புரிகிறது. குரு பயந்தாங்கொள்ளி அல்ல, தந்திரசாலி. நாஜி ஜெர்மனியில் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் உண்மையைப் பாதுகாத்தவர்களுக்கு அது ஒரு கைவிளக்காக இருந்திருக்கும்.

இங்கே காலம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரெக்ட் பேனாவை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கியபோது பேரியம் கிடைத்தது. அவர்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்த லிசே மைட்னர், யூதர் என்பதால் அந்த ஆண்டு ஜூலையில் தப்பி சுவீடன் போயிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரும் அக்காள் மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்தபடியே கணக்குப் போட்டு, அணுக்கரு பிளந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். ஃபிரிஷ் வேலை பார்த்தது கோபன்ஹேகனில், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் நிறுவனத்தில். அதே போரின் உதவியாளர்களிடம்தான் பிரெக்ட் தம் நாடகத்துக்கான வானியல் விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அணு பிளந்த செய்தி அந்தத் தீவு வீட்டு வானொலியிலும் ஒலித்தது. கேட்டவருக்கு அதன் முழு எடை அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கண்டுபிடித்தவர்களுக்கே தெரியவில்லை.

நாடகத்தின் தட்டச்சுப் பிரதி அகதியானது. 1939 ஏப்ரலில் சுவீடன். 1940இல் டென்மார்க்கும் நார்வேயும் நாஜிகள் கையில் விழ, பின்லாந்து. 1941 மே மாதம் அங்கிருந்து மாஸ்கோ. ஸ்டெஃபினால் அதற்குமேல் நகர முடியவில்லை. ஜூன் 4 அன்று மாஸ்கோ மருத்துவமனையில் இறந்தார். சைபீரியாவைக் கடக்கும் ரயிலில் போய்க்கொண்டிருந்த பிரெக்டுக்குத் தந்தி வந்தது. விளாதிவஸ்தோக் துறைமுகத்தில் கப்பலேறி ஜூலையில் கலிபோர்னியா சேர்ந்தார். ஹிட்லரின் படை சோவியத் எல்லையைத் தாண்டியதும் அந்தக் கப்பல் நாள்களில்தான். நாடகம் முதலில் மேடையேறியது 1943 செப்டம்பர் 9 அன்று, சூரிச் நகரத்து ஷௌஷ்பீல்ஹௌஸ் அரங்கில். சுற்றிலும் போர், நடுவில் சுவிட்சர்லாந்து மட்டும் தனியே. நாடகாசிரியர் உலகத்தின் மறுகோடியில் இருந்தார்.

கலிபோர்னியாவில் இந்தப் பிரதிக்கு வாய்த்த துணை சார்லஸ் லாட்டன். பருத்த உடம்பு, நுட்பமான குரல், ஹாலிவுட்டில் பெரும் பெயர் பெற்ற ஆங்கில நடிகர். கடலைப் பார்த்த அவர் வீட்டில் 1944 இறுதியில் இருவரும் உட்கார்ந்தார்கள். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. பிரெக்டின் ஆங்கிலம் அரைகுறை. ஒரு வரியின் தொனி என்ன என்பதைப் பிரெக்ட் நடித்துக் காட்டுவார். லாட்டன் அதை ஆங்கிலத்தில் திருப்பி நடித்துக் காட்டுவார். சரியாக வரும்வரை அது நடக்கும். பிறகுதான் தாளில் எழுதுவது. உடம்பிலிருந்து உடம்புக்குப் பெயர்க்கப்பட்ட நாடகம் அது. கூத்துக் கலைஞர்களுக்கு வாத்தியார் அடவும் பாட்டும் சொல்லிக்கொடுப்பது நினைவுக்கு வருகிறது. அங்கும் தாளுக்கு முன் உடம்பு.

அந்த வேலை நடுவில் இருக்கும்போது, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது.

போர் முடியப்போகிறது என்பது எல்லோருக்கும் நல்ல செய்தி. ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் சாதாரண மக்களிடம் வெற்றிக் களிப்பைவிட ஒருவகைத் துயரமே தெரிந்ததாகப் பிரெக்ட் பதிவு செய்திருக்கிறார். ஒரே இரவில் நவீன இயற்பியலின் பிதாமகனுடைய வாழ்க்கைக் கதை வேறு கதையாகிவிட்டது என்று அவர் உணர்ந்தார். அறிவியல் பாதுகாப்பாகக் கைமாறிவிட்டது என்று கைதட்டி முடித்த காட்சியை இனி எப்படி முடிப்பது? கைமாறியது யார் கைக்கு?

மாற்றி எழுதினார்கள். புதிய வடிவத்தில் ஆந்திரேயா பழைய வடிவத்தின் கருத்தையே சொல்கிறான்: நீங்கள் பணிந்தது தந்திரம், நேரம் வாங்க, புத்தகத்தைக் காப்பாற்ற. கிழவர் அதை ஏற்க மறுக்கிறார். வலிக்குப் பயந்தேன், அவ்வளவுதான் என்கிறார். தாம் நினைத்த அளவுக்கு ஆபத்து இருக்கவில்லை என்றும், அறிவை ஆளுகிறவர்கள் கையில், அவர்கள் இஷ்டப்படி பயன்படுத்தவோ பாழாக்கவோ, ஒப்படைத்துவிட்டதாகவும் தம்மேலேயே குற்றப்பத்திரிகை வாசிக்கிறார். பின்னால் வந்த வடிவத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: மருத்துவர்களுக்கு இருப்பதுபோல, அறிவை மனித குலத்தின் நன்மைக்கு மட்டுமே தருவோம் என்ற உறுதிமொழி அறிவியலாளர்களுக்கும் உருவாகியிருக்கக்கூடும் என்ற ஏக்கம். பிரதி இப்போதும் பூகோள உருண்டைக்குள்தான் இருக்கிறது. மாணவன் அதை எடுத்துக்கொண்டுதான் போகிறான். ஆனால் அது கிழவரை விடுவிப்பதில்லை.

1947 ஜூலை 30 அன்று பெவர்லி ஹில்ஸின் கொரோனெட் அரங்கில் இந்த வடிவம் மேடையேறியது. இயக்கம் ஜோசஃப் லோசி. கடும் வெயில் காலம். வெக்கையில் பார்வையாளர்களால் யோசிக்க முடியாது என்று கவலைப்பட்ட லாட்டன், ஐஸ் ஏற்றிய லாரிகளை அரங்கின் சுவரை ஒட்டி நிறுத்தி விசிறிகளை ஓடவிட ஏற்பாடு செய்தாராம். யோசிப்பதற்காகச் சுவரைக் குளிர வைத்த நாடகம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. 17 காட்சிகள் நடந்தன. 

மூன்று மாதத்தில் பிரெக்டே விசாரணைக் கூண்டில் நின்றார். 1947 அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில், அமெரிக்காவுக்கு எதிரான நடவடிக்கைகளை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழு, ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்தது. அவருக்கு முன் வந்த பத்துப் பேர் பதில் சொல்ல மறுத்துப் பின்னால் சிறை போனார்கள். பிரெக்ட் சுருட்டுப் பிடித்தபடி பணிவாகப் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பு சரியில்லை என்று சமாளித்தார். கட்சி உறுப்பினராக இருந்ததில்லை என்றார், அது உண்மையும்கூட. குழுத் தலைவர் அவரை நல்ல சாட்சி என்று பாராட்டி அனுப்பினார். மறுநாளே விமானமேறி ஐரோப்பா போய்விட்டார். அந்த டிசம்பரில் நியூயார்க்கில் அவருடைய கலிலியோ மேடையில் தன்னைத் தானே குற்றம்சாட்டிக்கொண்டிருந்தபோது, எழுதியவர் அந்த நாட்டிலேயே இல்லை. இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். 1938இன் கலிலியோ செய்ததைத்தான் பிரெக்ட் வாஷிங்டனில் செய்தார். 1947இன் கலிலியோ மன்னிக்காததும் அதைத்தான்.

கலிலியோமேல் பிரெக்ட் கடைசியாகக் கொடுத்த தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அணுகுண்டைக் கலிலியோவின் அறிவியல் சாதனைக்கும் சமூகத் தோல்விக்கும் சேர்ந்து பிறந்த பிள்ளையாகவே அவர் பார்த்தார். ஜோர்தானோ புரூனோவை ரோமில் உயிரோடு எரித்தது 1600இல். கலிலியோ அறியாத செய்தி அல்ல. 69 வயதில், சித்திரவதை என்ற சொல் காதில் விழ, மண்டியிட்ட மனிதரை ஹிரோஷிமாவுக்குப் பொறுப்பாக்குவது நியாயம் அல்ல. அவர் எரிந்து செத்திருந்தால் ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நமக்குக் கிடைத்திருக்காது. குண்டு வேறு வழியில் வந்திருக்கும்.

ஆனால் பிரெக்ட் எழுப்பிய கேள்வி கிழவரைத் தாண்டிப் போகிறது. அணுகுண்டு செய்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர்களுக்கு யாரும் நெருப்பைக் காட்டவில்லை. ஹிட்லர் முந்திக்கொள்வான் என்ற அச்சம் அவர்களை அங்கே கொண்டுவந்தது. 1944 இறுதியில் ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று தெரிந்தது. 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. வேலை நிற்கவில்லை, வேகம் கூடியது. சிகாகோவில் ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் சிலர் ஜூன் மாதம் எச்சரிக்கை அறிக்கை எழுதினார்கள். லியோ சிலார்ட் ஜூலையில் சுற்றுக்கு விட்ட மனுவில் ஏறத்தாழ 70 பேர் கையெழுத்திட்டார்கள். மனசாட்சியின் பெயரால் வேலையை விட்டு வெளியேறியவர் என்று பெயர் சொல்லத் தக்கவர் ஒருவர்: போலந்துக்காரர் ஜோசஃப் ராட்பிளாட்.

அவருக்கும் ஒரு பெட்டி இருந்தது. 1944 கிறிஸ்துமஸ் சமயத்தில் லாஸ் அலமோஸை விட்டுக் கிளம்பியபோது, ஆய்வுக் குறிப்புகள், கடிதங்கள், சொந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் அதில் அடுக்கினார். அவரை உளவாளி என்று சந்தேகித்த கோப்பு ஒன்று அதற்குள் தயாராகியிருந்தது. வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போகும் ரயிலில் அவரோடு ஏறிய பெட்டி, நியூயார்க்கில் இறங்கும்போது இல்லை. அது பிறகு கிடைக்கவே இல்லை. நாடகத்தில் எல்லைக் காவலர் கண்ணெதிரே மாணவன் மடியில் விரித்துப் படித்துக்கொண்டே கடத்திய பிரதியை நினைக்கும்போதெல்லாம், எனக்கு இந்தப் பெட்டியும் நினைவுக்கு வருகிறது. ராட்பிளாட் அதன்பின் அணு ஆயுதங்களுக்கு எதிராகவே வாழ்ந்தார். ரஸ்ஸலும் ஐன்ஸ்டைனும் 1955இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையெழுத்து உண்டு. அதிலிருந்து பிறந்த பக்வாஷ் மாநாடுகளோடு சேர்த்து 1995இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பீரங்கி அட்டவணையும் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கத் தரைப்படை பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிட்டு அட்டவணை போடவே எனியாக் என்ற மின்னணுக் கணினிக்குப் பணம் கொடுத்தது. அது 1945 கடைசியில் தயாரானபோது அதில் முதலில் ஓட்டிய பெரிய கணக்கு, ஹைட்ரஜன் குண்டுக்கானது.

மூன்றாவது வடிவம் கிழக்கு பெர்லினில் உருவானது. அங்கே பிரெக்டுக்குச் சொந்த நாடகக் குழு இருந்தது, அரசின் ஆதரவு இருந்தது, அந்த ஆதரவுக்கு விலையும் இருந்தது. 1953 ஜூன் 17 அன்று தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து அடக்கப்பட்டபோது அவர் கட்சித் தலைமைக்கு எழுதிய கடிதத்தில், விசுவாசம் தெரிவிக்கும் கடைசி வாக்கியம் மட்டும் கட்சி நாளிதழில் அச்சானது. அறிவும் அதிகாரமும் கைகோக்கும் இடத்தின் வெப்பம் எப்படி இருக்கும் என்பதை அவர் தம் தோலில் உணர்ந்தவர். 1955 டிசம்பரில் ஒத்திகை தொடங்கினார். எர்ன்ஸ்ட் புஷ் கலிலியோ. 1956 ஆகஸ்ட் 14 அன்று பிரெக்ட் இறந்தார். எரிஷ் எங்கெல் மிச்சத்தை முடித்தார். 1957 ஜனவரி 15 அன்று நாடகம் அரங்கேறியது.

அதற்குப் பிறகு அது உலகம் முழுக்கப் போயிற்று. லோசி 1975இல் அதைப் படமாக எடுத்தார். 1980இல் கல்கத்தாவில் வங்க மொழியில், ஜெர்மன் இயக்குநர் ஃபிரிட்ஸ் பென்னெவிட்ஸ் இயக்க, சம்பு மித்ரா கலிலியோவாக நடித்தார்.

ஆனால் நான் நிறுத்த விரும்புவது 1957இன் வசந்தத்தில். பெர்லின் அரங்கேற்றம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் கொன்ராட் அடேனாவர், களத்தில் பயன்படும் சிறு அணு ஆயுதங்கள் பீரங்கியின் அடுத்த வளர்ச்சியே அன்றி வேறில்லை என்று சொன்னார். தம் படைக்கும் அவை வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஏப்ரல் 12 அன்று 18 ஜெர்மன் அணு அறிவியலாளர்கள் தங்கள் பெயர்களைப் போட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தச் சிறு ஆயுதம் ஒவ்வொன்றும் ஹிரோஷிமாக் குண்டுக்கு ஈடாக அழிக்கக்கூடியது என்று மக்களுக்கு விளக்கினார்கள். அணு ஆயுதங்களைச் செய்வதிலோ சோதிப்பதிலோ பயன்படுத்துவதிலோ நாங்கள் எந்த வகையிலும் பங்கெடுக்க மாட்டோம் என்று முடித்தார்கள். நாடகத்துக்கும் இதற்கும் நேர்த் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. மேடையில் கலிலியோ ஏங்கிய உறுதிமொழியை, மேடைக்கு வெளியே, பெயர் சொல்லி, 18 பேர் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களில் மாக்ஸ் பார்ன் இருந்தார், ஹைசன்பர்க் இருந்தார். 1945 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் வீட்டில் போர்க் கைதியாக இருந்தபோது ஹிரோஷிமாச் செய்தி கேட்டு, அத்தனை உயிருக்கும் தாமே பொறுப்பு என்று நொறுங்கிப்போன ஒருவரும் இருந்தார். பிரெக்ட் டென்மார்க் தீவில் நாடகத்தை எழுதி முடித்த மறு மாதம் பெர்லினில் அணுவைப் பிளந்த ஓட்டோ ஹான். கையெழுத்திடும்போது அவருக்கு வயது 78.